உங்கள் சுபாவத்தை ஒரே தாளில் அளந்து பார்ப்பது எப்படி?

ஆளுமை என்றதும் பலர் தேடிப் போவது, கேள்வித்தாள் வைத்து ஆட்களை 16 வகையாகப் பிரிக்கும் MBTI பட்டியலைத்தான். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் முன்வைத்த கருத்துகளிலிருந்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. அளவுகோலை நடுவில் வெட்டி, ஆளை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று தள்ளிவிடும். நம்மில் பலர் நடுவை ஒட்டியே இருப்பதால், அடுத்த மாதம் திரும்ப எழுதினால் வகையே மாறிவிடக்கூடும். உளவியல் ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து பண்பு முறையை. அதன் குத்துமதிப்பான வீட்டு வடிவம் இது. 20 நிமிடம் போதும்.

படி 1: பத்து வாக்கியம்

ஒவ்வொரு பண்புக்கும் நேர், எதிர் என இரண்டு.

கலகலப்பு: புதியவர்களிடம் நானே பேச்சுக் கொடுப்பேன் / கூட்டத்தில் ஒதுங்கி நிற்பேன்.
இணக்கம்: விட்டுக்கொடுப்பேன் / சட்டென்று மல்லுக்கு நிற்பேன்.
பொறுப்பு: சொன்ன நாளில் முடிப்பேன் / வைத்த பொருளைத் தேடிக்கொண்டே இருப்பேன்.
பதற்றம்: சின்ன விஷயத்துக்கும் மனசு படபடக்கும் / எது வந்தாலும் நிதானமாக இருப்பேன்.
புதுமை நாட்டம்: பழக்கமில்லாததைச் செய்து பார்ப்பேன் / பழகிய வழியே போதும்.

படி 2: மதிப்பெண்

‘துளியும் இல்லை’ 1, ‘முழுக்க நான்தான்’ 7. எதிர் வாக்கியத்தின் எண்ணை 8-லிருந்து கழியுங்கள். நேர் வாக்கியத்துக்கு 5, எதிருக்கு 2 போட்டிருந்தால்: 8 − 2 = 6; 5-ஐயும் 6-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5.5.

பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கும். இரண்டுக்குமே 6 போட்டால் விடை 4 வரும். பார்க்க நடுநிலை போலத் தெரியும். உண்மையில் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறீர்கள். ‘எப்படி இருக்க ஆசை’ என்பதை எழுதுவது இன்னொரு தவறு. போன மாதம் நிஜமாக என்ன செய்தீர்கள் என்று நினைத்து எழுதுங்கள். சண்டை போட்ட அன்று எழுத வேண்டாம்.

படி 3: இன்னொருவர் கண்

உங்கள் எண்களைக் காட்டாமல், வீட்டில் ஒருவரையும் வேலையிடத்தில் ஒருவரையும் உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் “எதைப் பார்த்து இப்படிப் போட்டீங்க?” என்று கேளுங்கள். மறுத்துப் பேசாதீர்கள். கடையில் கலகலப்பாக இருப்பவர் வீட்டில் வாய் திறக்காமல் இருப்பது பொய் வேஷம் அல்ல, இடம் மாறினால் நடத்தையும் மாறும்.

படி 4: ஏற்பாட்டை மாற்றுங்கள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு கமிஷன் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மல்லிகை மொட்டு விரிவதற்குள் விலை பேசித் தள்ள வேண்டும். முகூர்த்த நாளில் விலை மணிக்கொன்றாக மாறும். கலகலப்பு 6, பொறுப்பு 3 உள்ள அண்ணன் வியாபாரிகளிடம் பேசட்டும். எதிர்மாறான தம்பி எடை பார்த்து விவசாயிகளுக்குச் சிட்டை எழுதட்டும். மாற்றி உட்கார்ந்தால் கணக்கு இடிக்கும், பூவும் தேங்கும். ஆள் குறைவாக இருந்து அண்ணனே எழுத வேண்டி வந்தால், ஒவ்வொரு எடை முடிந்ததும் அங்கேயே எழுதிவிட்டுத்தான் அடுத்த கூடை என்று வழக்கம் வைக்கலாம்.

வீட்டிலும் இப்படித்தான். சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் பத்துப் பேர் வந்து தங்கும்போது, கலகலப்பு 2 உள்ள மருமகள் மாடிக்குப் போய் அரை மணி நேரம் தனியாக இருந்தால் “கோபமா?” என்று கேட்க வேண்டாம்; அவருக்கு அது ஓய்வு. பதற்றம் 6 உள்ளவரிடம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் கிளம்பும் நேரத்தைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் “கிளம்பு” என்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

இந்தத் தாளை வைத்து ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள், வரன் பார்க்காதீர்கள். பத்து வாக்கியத்துக்கு அவ்வளவு வலு கிடையாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் பயம் துரத்தினால் அது மதிப்பெண் போட்டுப் பார்க்கும் விஷயமே அல்ல. மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் மாற்றி, 14 நாள் கழித்து அதே இருவரிடம் கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.