குடியை நிறுத்த அட்மிட் ஆகணுமா, வந்து போனால் போதுமா?

கூடலூர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் குடியை விட நினைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "லீவு போடாமல் வைத்தியம் பார்க்கலாமா?" பலருக்கு முடியும். ஆனால் காலையில் கை நடுங்கி டீ டம்ளரைப் பிடிக்க முடியாதவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இல்லாத ஆளோடு பேசியவர் என்றால் முதலில் அட்மிஷன்தான். நிறுத்திய 2 நாளுக்குள் வலிப்பும், 2 முதல் 4 நாளுக்குள் கடும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. நடுராத்திரி மழையில் மலைப்பாதையில் வண்டி தேடிக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் கட்டம் தாண்டியபின் வெளிநோயாளியாக வந்து போகலாம். எத்தனை முறை? வீட்டில் இன்னொருவரும் குடிக்கிறார், திரும்பும் வழியில் டாஸ்மாக் என்றால் வாரம் ஒரு கவுன்சலிங் தாங்காது. அமெரிக்க வரையறையில் தீவிர வெளிநோயாளி சிகிச்சை என்பதே வாரம் 9 மணி நேரத்துக்குக் குறையாதது. ஊட்டி வரை அத்தனை முறை பஸ் ஏற முடியாதென்றால், சில வாரம் தங்கிப் பார்ப்பதே மேல் என்பேன்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரையை சாப்பாட்டில் ரகசியமாகக் கலப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தெரியாமல் அவர் குடித்தால் இதயமே பாதிக்கப்படலாம்.

எங்கே போவதென்று கேட்க, கட்டணமில்லா எண் 14446.