தமிழில் சொன்னால் கேட்கும் பிட்காயின் வாலட்: தொடக்கநிலைச் செய்முறை

"மாறனுக்கு முக்கால் பிட்காயின் அனுப்பு" என்று டெர்மினலில் தட்டினால் வாலட் அதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். பிட்காயினின் அடிப்படை மென்பொருளான பிட்காயின் கோருடன் வரும் கட்டளைக் கருவி பிட்காயின்-சிஎல்ஐ, உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு மொழி மாடல், கொஞ்சம் பைத்தான், இவை இருந்தால் போதும்.

ஒரு விதியை மட்டும் கடைசிவரை விட்டுவிடாதீர்கள்: மாடல் கட்டளையை எழுதக் கூடாது. நீங்கள் சொன்னதில் என்ன செயல், யாருக்கு, எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிளாக்கில், அதாவது பரிவர்த்தனைகளைப் பதியும் தொகுதியில், ஏறிவிட்ட பிட்காயினைத் திரும்ப வாங்க வழியே இல்லை என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

1. ரெக்டெஸ்டில் தொடங்குங்கள்

ரெக்டெஸ்ட் என்பது உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடும், சோதனைக்கான தனிப் பிட்காயின் சங்கிலி (பிளாக்குகளின் தொடர்). அங்கே காசுக்கு மதிப்பு கிடையாது, தைரியமாகச் சோதிக்கலாம். பிட்காயின் கோரின் பின்னணி நிரலான பிட்காயின்டி-யை ரெக்டெஸ்ட் தெரிவுடன் இயக்குங்கள். கூடவே மாற்றுக் கட்டண விகிதமான ஃபால்பேக்ஃபீ 0.0001 என்றும் கொடுத்துவிடுங்கள். புதுச் சங்கிலியில் கட்டணத்தைக் கணிக்கப் பழைய தரவு இருக்காது, இதை விட்டால் அனுப்பும்போது பிழை வரும்.

அடுத்து கிரியேட்வாலட் கட்டளையால் இரண்டு வாலட்டுகள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று மாறனுக்கு. இரண்டு திறந்திருக்கும்போது எது என்பதை ஆர்பிசிவாலட் தெரிவில் சொல்ல வேண்டும். உங்கள் வாலட்டை என்க்ரிப்ட்வாலட் மூலம் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். கெட்நியூஅட்ரஸ் தரும் முகவரிக்கு ஜெனரேட்டுஅட்ரஸ் வழியாக 101 பிளாக் உருவாக்கினால் இருப்பு 50 பிட்காயின் என்று காட்டும். மைனிங்கில், அதாவது பிளாக் உருவாக்கியதற்குப் பரிசாக, வந்த காசு, அதன்மேல் இன்னும் 100 பிளாக் சேர்ந்த பிறகே செலவுக்கு வரும். அதனால்தான் 101.

2. அனுமதிப் பட்டியல்

இருப்பு, வரலாறு, அனுப்பு. இந்த மூன்று செயல்கள் இப்போதைக்குப் போதும். மாடல்களை உங்கள் கணினியிலேயே ஓட்டும் ஓலாமாவில் ஒரு மாடலை இறக்கி, பதில் இந்த ஜேசான் ஸ்கீமாவில் (நிரல் படிக்கும் தரவு வடிவத்தில்)தான் வர வேண்டும் என்று கட்டிப்போடுங்கள்: செயல், பெயர், தொகை. மாடலின் பதில் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் டெம்பரேச்சரைப் பூஜ்யத்தில் வையுங்கள். பட்டியலில் இல்லாத செயல் வந்தால் நிரல் "புரியவில்லை" என்று சொல்லி நின்றுவிடட்டும்.

வரலாறு கேட்டால் லிஸ்ட்ட்ரான்ஸாக்ஷன்ஸ் தரும் விடையை நேரே திரையில் காட்டுங்கள், மாடலிடம் திருப்பி ஊட்டாதீர்கள். முகவரிக்கு இடும் குறிப்பான லேபிளில் யாரோ எழுதிவைத்த வாசகத்தை அது உத்தரவாக எடுத்துக்கொள்ளலாம்.

3. பெயரும் தொகையும்

அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுதான். முகவரியை மாடலின் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீண்ட எழுத்துக் கோவையில் ஓர் எழுத்தை மாற்றிவிடவோ, இல்லாத முகவரியை உருவாக்கவோ அதற்கு நேரம் ஆகாது. மாறனின் முகவரி உங்கள் முகவரிப் புத்தகக் கோப்பில் இருக்கட்டும். மாடல் "மாறன்" என்று மட்டும் சொல்லும், முகவரியை நிரல் எடுக்கும்.

அந்தப் பெயர் நீங்கள் தட்டிய வாக்கியத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். "மாறனுக்கு" என்பதற்குள் "மாறன்" என்று தேடினால் பைத்தான் இல்லை என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி. கடைசிப் புள்ளியை நீக்கி "மாறன" என்று தேடினால் அகப்பட்டுவிடும்.

தொகையையும் நீங்கள் சொன்ன சொல்லாகவே மாடல் திருப்பித் தரட்டும். கால், அரை, முக்கால், ஒன்றரை ஆகியவற்றுக்கு நீங்களே ஓர் அட்டவணை எழுதுங்கள். பிட்காயினின் மிகச் சிறிய அலகு சடோஷி. ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி என்பதால் முக்கால் என்றால் 7,50,00,000. கணக்கு முழுவதும் சடோஷியில், முழு எண்ணாகவே நடக்கட்டும். தசமத்தில் போட்டால் பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

4. கட்டளையை நிரல் கட்டட்டும்

வேறு நிரலை இயக்க உதவும் பைத்தானின் சப்பிராசஸ் ரன்னுக்கு ஒவ்வொரு சொல்லையும் பட்டியலாகக் கொடுங்கள். டெர்மினலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் வழியாக ஒரே சரமாக அனுப்ப வேண்டாம். ஒரு அரைப்புள்ளி நுழைந்தாலும் ஷெல் அதற்குப் பின்னால் இருப்பதை வேறு கட்டளையாக ஓட்டிவிடும்.

சென்ட்டுஅட்ரஸ் நேரடியாக அனுப்பிவிடும், அதைத் தொடாதீர்கள். வாலட்கிரியேட்ஃபண்டட்பிஎஸ்பிடி பயன்படுத்துங்கள். அது கையெழுத்திடாத பரிவர்த்தனையையும் கட்டணத்தையும் தரும். பெயர், முழு முகவரி, தொகை, கட்டணம் நான்கையும் திரையில் காட்டி நிரல் அங்கேயே முடியட்டும்.

5. கையெழுத்து உங்களுடையது

வேறொரு டெர்மினல் சாளரத்தில் வாலட்பாஸ்ஃபிரேஸ் மூலம் 60 விநாடிக்கு மட்டும் பூட்டைத் திறங்கள். வாலட்பிராசஸ்பிஎஸ்பிடி, ஃபைனலைஸ்பிஎஸ்பிடி, சென்ட்ராட்ரான்ஸாக்ஷன் என்று வரிசையாக ஓட்டுங்கள். கடவுச்சொல்லை நிரலிலோ மாடலிலோ எங்கும் எழுதாதீர்கள். இன்னொரு பிளாக் உருவாக்கிவிட்டு மாறனின் வாலட்டில் இருப்பைப் பார்த்தால் 0.75 இருக்கும்.

அப்புறம் வேண்டுமென்றே தொந்தரவு கொடுத்துப் பாருங்கள். "எல்லாத்தையும் அனுப்பு", "மாறனுக்கு அனுப்பாதே", "மாறனுக்கோ மலருக்கோ அரை அனுப்பு". எதிர்மறையை மாடல் சில நேரம் கோட்டைவிடும். ஆகவே "அனுப்பாதே", "வேண்டாம்" போன்ற சொற்கள் இருந்தால் மாடலிடம் போகும் முன்பே நிரல் மறுக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.