எட்டு மணி நேரப் படுக்கை, ஐந்தரை மணி நேரத் தூக்கம்

பத்து மணிக்குப் படுக்கை. பதினொன்றரை வரை ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டு மணிக்கு முழிப்பு வந்து மூன்று மணி வரை புரண்டு படுப்பது. ஆறு மணிக்கு அடித்துப்போட்ட மாதிரி எழுவது. இந்தக் கணக்கில் படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம், தூங்கியது ஐந்தரை. தூக்கம் போதவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். இதற்கு அவர்களாகவே கண்டுபிடிக்கும் வைத்தியம், “இன்றைக்கு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவோம்” என்பது. நோயை வளர்ப்பதே அந்த வைத்தியம்தான்.

தூக்கம் பசி மாதிரி. காலையில் எழுந்த நிமிடத்திலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர ஆரம்பிக்கும். அது சேரச் சேரக் கண் சொக்கும், தூங்கும்போது கரையும். சீக்கிரம் படுப்பதும் மதியம் இரண்டு மணி நேரம் உருள்வதும், சாப்பாட்டுக்கு முன்னால் நொறுக்குத்தீனி தின்பதற்குச் சமம். இன்னொரு பக்கம் உடல் கடிகாரம் இருக்கிறது. அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சமும், நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எழுவதும். அதனால் இரவைச் சரிசெய்யும் வேலை காலையில்தான் தொடங்குகிறது.

நடுவில் முழிப்பு வருவதே நோய் என்று பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் தூக்கம் ஓடுகிறது. சுற்று முடியும் இடத்தில் எல்லோருக்கும் லேசாக முழிப்பு தட்டும், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. வயது ஏற ஏறத் தூக்கம் மேலோட்டமாகும். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதமாக, தூங்க வாய்ப்பு இருந்தும் தூங்க முடியாமல் பகல் வேலை கெட்டால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள்.

முதலில் கணக்கு, பிறகு மணி

தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். காலையில் எழுந்ததும் நான்கு எண்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் பிடிக்கச் சுமாராக எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தீர்கள். கீழே ஒரு வரியில் கடைசி டீ எப்போது, மதியம் தூங்கினீர்களா என்று குறியுங்கள். எல்லாமே குத்துமதிப்பாக இருக்கட்டும். இரவில் மணி பார்த்து எழுதினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். சுவர்க் கடிகாரம் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கழற்றி வேறு அறையில் மாட்டுங்கள். கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு, எழுந்து போய் அணைக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள்.

இரண்டு வாரம் எழுதியபின் சராசரி எடுங்கள். மேலே சொன்ன ஆளுக்குத் தூக்கம் ஐந்தரை மணி நேரம், படுக்கை எட்டு மணி நேரம். ஐந்தரையை எட்டால் வகுத்தால் 69 சதவீதம். இது 85-ஐத் தாண்ட வேண்டும். அதற்குப் படுக்கை நேரத்தைத் தூக்கத்தின் அளவுக்குக் குறுக்க வேண்டும்.

எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். காலை 5.30 என்று முடிவு செய்தால் ஞாயிற்றுக்கிழமையும் 5.30, முந்தின நாள் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தாலும் 5.30. அங்கிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் நள்ளிரவு 12. அதற்கு முன் படுக்கக் கூடாது. பத்து மணிக்கே கொட்டாவி வந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள், சோபாவில் சாய்ந்தால் கணக்கு போயிற்று. இந்த வாரங்களில் மதியத் தூக்கம் அறவே கிடையாது. ஒரு வாரம் கழித்து மறுபடி வகுத்துப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அதாவது 11.45. 85-க்கும் 90-க்கும் நடுவில் என்றால் அப்படியே விடுங்கள். 85-க்குக் கீழே என்றால் கால் மணி குறையுங்கள். எவ்வளவு குறைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. இப்படி வாரம் கால் மணியாக ஏற்றிக்கொண்டே போய், பகலில் அசதி இல்லாத அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பத்து நாள் மோசமாகத்தான் இருக்கும். பலர் நாலாம் நாளே விட்டுவிடுவது இதனால்தான். பகலில் கண்ணை அசத்தும், எரிச்சல் வரும். பஸ், ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்கள், மில்லில் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மற்றவர்களும் அந்த நாட்களில் பைக்கில் நெடுந்தூரம் போவதைத் தள்ளிப்போடுங்கள்.

படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால், அல்லது இரண்டு மணிக்கு முழித்து மறுபடி பிடிக்காவிட்டால், எழுந்துவிடுங்கள். கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தால், படுக்கை என்றாலே விழிப்புதான் என்று மூளை பழகிவிடும். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து கைக்கு வேலை கொடுங்கள். பூண்டு உரிப்பது, பூக் கட்டுவது, துணி மடிப்பது எல்லாம் நல்லது. கைப்பேசி, டிவி, கடன் கணக்கு வேண்டாம். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் எங்கே எழுந்து போவது என்று கேட்பார்கள். வாசல் படியோ அடுப்படி மூலையோ போதும். பகலில் பாயைச் சுருட்டி நிறுத்திவைக்கும் பழைய வழக்கத்தில் இந்த நுட்பம் தன்னால் இருந்தது. விரித்தால் தூக்கம், சுருட்டினால் வேலை. கட்டில் வந்தபின் அதிலேயே சாப்பாடு, ரீல்ஸ், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் நடக்கிறது.

எழுந்த அரை மணிக்குள் வெளியே போங்கள். பால் வாங்கவோ கோலம் போடவோ போகிற சாக்கில் 20 நிமிடம் வானத்து வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். 5.30-க்கு இன்னும் இருட்டாக இருந்தால் விடிந்தபின் போகலாம். ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பது போதாது, அறைக்குள் வெளிச்சம் பல மடங்கு குறைவு.

கூரை சுடும்போது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சித்திரை, வைகாசியில் மதுரைக்காரர்களுக்குத் தூக்கம் வராமல் போக நியாயமான காரணம் ஒன்று உண்டு. தூங்கத் தொடங்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, வெளிக்காற்று ஆறிய பிறகும் நள்ளிரவு வரை அனலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். ஃபேன் அனலாக வீசுகிறது என்று சொல்வது அந்தக் கூரையடிக் காற்றைத்தான்.

கூரையில் வெயில் படாமல் தடுப்பதே பெரிய வேலை. பங்குனியிலேயே வெள்ளை அடித்துவிடுங்கள். மொட்டை மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள், தூசி மேல் அடித்தால் பத்து நாளில் பொரிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பசை கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் குறுக்குவாட்டில் இரண்டாவது பூச்சு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். கூரைக்குமேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தால் இதைவிட நன்றாகக் கேட்கும். தீபாவளி ராக்கெட்டுக்கு முன் பிரித்துவிடுங்கள்.

மாடியில் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் பொழுது சாய்ந்தபின், ஆறரை மணி வாக்கில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் தளத்தில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வெடிப்பு விழலாம். ஜன்னல்களில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை மேற்குப் பக்கத்தைத் திரையோடு மூடி வையுங்கள், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தபின் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் அதை ஒரு ஜன்னலில் வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள். உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளும், எதிர்ப்பக்க ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். அரை மணி ஓடவிட்டபின் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ஃபோம் மெத்தை முதுகுச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அதன்மேல் கோரைப்பாயை விரித்தாலே வித்தியாசம் தெரியும். ஈரத்துண்டை மேலே போட்டுக்கொள்வது கோடையில் இங்கே பலன் தரும், ஏனென்றால் காற்று வறண்டிருக்கும். கடற்கரை ஊர்களில் அது வெறும் நசநசப்பு. ஏசி உள்ளவர்கள் 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடலாம். 18-இல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்வது கரண்ட் பில்லுக்கு மட்டும் வேலை. படுக்க ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது. தோலுக்கு ரத்தம் ஓடி உள்வெப்பம் வெளியேறும். கத்திரி நாட்களில் அதற்கு ஹீட்டரே வேண்டாம், மாடித் தொட்டியில் எட்டு மணிக்கும் தண்ணீர் சூடாகத்தான் வரும்.

டீ, கட்டிங், பரோட்டா

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு ஏழு. மாலை ஆறு மணி டீயின் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். “எனக்குக் காபி குடித்தால்தான் தூக்கமே வரும்” என்பவர்களுக்கும் தூக்கம் வரும்தான், ஆனால் ஆழம் குறையும். கடைசி டீயை மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஜிகர்தண்டாவில் காஃபின் இல்லை, அதன்மேல் பழி வேண்டாம்.

கட்டிங் போட்டால் தூக்கம் சீக்கிரம் வரும், இரண்டு மூன்று மணிக்கு அதுவே எழுப்பியும் விடும். குறட்டையையும் கூட்டும். பதினொரு மணிக்குச் சால்னாவோடு பரோட்டா சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். எதுக்களிப்பு அடிக்கடி வந்தால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி தடை உண்டு. திருவிழாவுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம், அவ்வளவுதான். ஆடி மாதத்தில் சட்டம் பேசுவதைவிடப் பஞ்சு போன்ற காதடைப்பான் சுலபம். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே நுழைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியே செருகினால் பாதி வெளியே நிற்கும், சத்தமும் குறையாது.

இரவில் பிழைப்பு உள்ளவர்கள்

மல்லிகைக் கொல்லைக்கு அதிகாலை இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்களிடம் பத்து மணிக்குப் படுங்கள் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. இவர்கள் தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இரவு எட்டிலிருந்து ஒன்றரை வரை ஒரு தூக்கம், மதியம் ஒன்றரை மணி நேரம் இன்னொன்று. பூப் பறிக்காத நாளிலும் முதல் தூக்கத்தின் நேரத்தை மாற்றக் கூடாது. வீட்டார் எட்டு மணிக்கு டிவியை நிறுத்துவதுதான் இதில் கஷ்டமான பகுதி.

மாட்டுத்தாவணிச் சந்தையில் விடிய விடியச் சரக்கு இறக்குகிறவர்கள் டீயை வேலையின் முதல் பாதியோடு முடிக்க வேண்டும். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, வந்ததும் கொஞ்சமாகச் சாப்பாடு, உடனே படுக்கை. வெயில் ஏறியபின் படுத்தால் உடல் கடிகாரம் எழுப்பிவிடும். ஜன்னலில் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து அடியுங்கள். இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மணிதான் கண்டம். கண் இழுத்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் முகம் கழுவுவதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். டீ வேலை செய்ய அரை மணி ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

மருத்துவரிடம் போக வேண்டியவை

பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது: இது மூச்சுத்தடைத் தூக்க நோயாக இருக்கலாம். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் கூடும். இவர்கள் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை முயல வேண்டாம், தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து, காலை ஆட்டினால்தான் அடங்குகிறது என்றால் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அது குறைந்திருக்கலாம். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரையையும், ஆண்கள் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். நீர் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரையை இரவில் எடுத்தாலும் இப்படி ஆகும், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தினமும் மூன்று நான்கு மணிக்கே முழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் மனம் கனத்துக் கிடந்தால் அது மனச்சோர்வின் அடையாளம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் (அரசு ராஜாஜி மருத்துவமனை) மனநலப் பிரிவு இருக்கிறது.

சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொள்வது வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் குழப்பத்தையும் தரும். தூக்க மாத்திரையாகப் பலர் போடும் அல்பிரசோலம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சில வாரம் தொடர்ந்தாலே உடம்பு அதைக் கேட்கத் தொடங்கிவிடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். கொடுத்த மருத்துவரிடமே சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

போகும்போது இரண்டு வாரக் காலண்டர் தாள்களையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். குறட்டைக்காரராக இருந்தால் அவர் தூங்கும்போது வீட்டில் ஒருவர் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். “நான் எங்கே குறட்டை விடுகிறேன்” என்றுதான் அவர் அங்கே போய்ச் சொல்வார்.