சீரத்தில் அப்போ ஏ-1 அளப்பது: டிரிப்சின் வேலை முடிந்ததா என்று முதலில் பாருங்கள்

புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் பெப்டைடு எனும் சிறு துண்டுகளாக வெட்டி, மூலக்கூறுகளை எடைபோடும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறோம். அதில் ஒரு பெப்டைடு எளிதில் அயனியாகும், இன்னொன்று ஆகாது. அதனால் கருவி காட்டும் சிகரம் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் வைத்துப் புரத அளவைச் சொல்ல முடியாது. அதே பெப்டைடை எடை கூடிய அணுக்களான கன ஐசோடோப்புகளால் செய்து, தெரிந்த அளவில் கலந்து, சாதாரணப் பெப்டைடுக்கும் கன பெப்டைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறோம்.

எங்களிடம் புதிதாக வருபவர்களுக்கு 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.லின் முதன்மைப் புரதமான அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1ஐத்தான் முதலில் கொடுப்பேன். ரத்தத்தில் அது ஏராளம். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவமான சீரத்தில் 2 மைக்ரோலிட்டரிலேயே சுமார் 100 பிகோமோல் கிடைக்கும்.

சீரத்தை 8 மோலார் யூரியாவில் கலந்து புரதங்களை விரியுங்கள். புரதங்களின் கந்தகப் பிணைப்புகளை உடைக்க டைதயோதிரெய்ட்டால் சேருங்கள், பிறகு அவை மறுபடி சேராதிருக்க இருட்டில் அயோடோஅசிட்டமைடு. யூரியா இருக்கும் குழாயைச் சூடாக்கவே வேண்டாம். அது சிதைந்து, டிரிப்சின் வெட்டும் இடமான லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டால் டிரிப்சின் அங்கே வெட்டாது. யூரியா 1 மோலாருக்குக் கீழே வரும்படி நீர்த்து, 20 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின் போட்டு 37 டிகிரியில் வையுங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். கன பெப்டைடு ஏற்கெனவே வெட்டப்பட்ட துண்டு. உங்கள் புரதம் பாதிதான் வெட்டுப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுக்காது. விகிதம் பாதியாக வரும், அதையே உண்மை என்று நம்பிவிடுவீர்கள். முழுப் புரதமே கன ஐசோடோப்புடன் கிடைத்தால், விலை அதிகமானாலும் வாங்கி, முதல் படியிலேயே சீரத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் 1, 2, 4, 8, 16 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஃபார்மிக் அமிலத்தால் நிறுத்தி, விகிதம் எப்போது ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

திரியோனினில் தொடங்கி ஆர்ஜினினில் முடியும் 11 அமினோ அமிலப் பெப்டைடு எனக்குப் பிடித்தது. ஆக்சிஜனேற்றமாகும் மெத்தியோனின் அதில் இல்லை. இரட்டை மின்னூட்டத்தில், நிறையை மின்னூட்டத்தால் வகுத்த மதிப்பு 651.3இல் வரும். கன ஆர்ஜினின் 10 டால்டன் கூட்டுவதால், அதை இரண்டால் வகுக்க, அதன் இணை 656.3இல் வரும். பெப்டைடை உடைத்து அதன் துண்டுகளை அளக்கும் டிரிபிள் குவாட்ரபோல் கருவியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டு அயனிகளாவது எடுங்கள். சாதாரணப் பெப்டைடும் கன பெப்டைடும் குரோமட்டோகிராஃபிக் குழாயிலிருந்து ஒரே நொடியில் வெளிவர வேண்டும். மூன்று துண்டு அயனிகளில் ஒன்று மட்டும் வேறு விகிதம் காட்டினால் அங்கே வேறு ஏதோ கலந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கைலைன் மென்பொருளில் இது கண்ணுக்கே தெரியும்.

கணக்கு எளிது. 100 பிகோமோல் கன பெப்டைடு சேர்த்து விகிதம் 0.92 வந்தால், 2 மைக்ரோலிட்டரில் 92 பிகோமோல். அதாவது லிட்டருக்கு 46 மைக்ரோமோல். 28 கிலோடால்டன் புரதத்துக்கு ஏறக்குறைய 1.3 கிராம்.

வாலினில் தொடங்கி லைசினில் முடியும் இன்னொரு பெப்டைடையும் உடன் அளந்து வாருங்கள். ஆனால் அதன் முடிவில் இரண்டு லைசின்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. டிரிப்சின் எதில் வேண்டுமானாலும் வெட்டலாம். இரண்டு பெப்டைடுகளும் வெவ்வேறு அளவு சொன்னால் சராசரி எடுக்காதீர்கள். கூடுதல் லைசினோடு நிற்கும் துண்டைத் தேடுங்கள். அது இல்லையென்றால் டிரிப்சின் படியை மறுபடி செய்யுங்கள்.