போர்டு வைஃபையில் சேரவில்லையா? நிரலைத் தோண்டும் முன்

ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைஃபையில் சேரவில்லை என்றதும் எல்லோரும் நிரலைத்தான் தோண்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

முதலில் அலைவரிசை. ஈஎஸ்பி8266, முதல் தலைமுறை ஈஎஸ்பி32, பிக்கோ டபிள்யூ போர்டுகள் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் போனில் நெட் பறக்கும். போர்டுக்கு அப்படியொரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது. போர்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ ஐடிஇயில் இருக்கும் வைஃபை ஸ்கேன் எக்ஸாம்பிளை ஏற்றிப் பாருங்கள். பட்டியலில் உங்கள் நெட்வொர்க் வரவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை. வந்தால், பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்பேஸ்கூடக் கெடுத்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இதைத்தான் யாரும் நம்புவதில்லை. எல்இடி எரிகிறதே என்பார்கள். எல்இடிக்குச் சில மில்லிஆம்பியர் போதும். சிக்னல் அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். சப்ளை 500 மில்லிஆம்பியராவது தாங்க வேண்டும். மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிளில் அந்தக் கணம் வோல்டேஜ் சரியும், போர்டு ரீசெட் ஆகும், மறுபடி இணைய முயலும், மறுபடி சரியும். போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் சரிவு) என்று திரும்பத் திரும்ப வந்தால் கேபிளை மாற்றுங்கள். அந்த எச்சரிக்கையையே அணைத்துவிடும் நிரல் வரி ஒன்று நெட்டில் சுற்றுகிறது. அதைப் போடுவது, கத்துகிறது என்று புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரி.

சரி, நிரலில் தவறே வராதா? வரும். இணையும் வரை வெளியே வராமல் திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்தான் அதில் முதலிடம். ரவுட்டர் அணைந்திருந்தால் போர்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். 15, 20 நொடி கெடு வைத்து, இணைப்பின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ணையும் சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். 3 என்றால் இணைந்துவிட்டது. 1 என்றால் அந்தப் பெயரில் நெட்வொர்க்கே தென்படவில்லை.

அப்புறம் ஒரு விநோதம். தனியாக ஒழுங்காக ஓடிய மண் ஈரப்பத சென்சார், வைஃபையைச் சேர்த்ததும் செயலற்றுப் போகும். சென்சாரின் மேல் பழி போடாதீர்கள். முதல் தலைமுறை ஈஎஸ்பி32-இல் ஏடிசி2-ஐ (அனலாக் வோல்டேஜை எண்ணாக மாற்றும் இரண்டு பகுதிகளில் இரண்டாவதை) வைஃபையும் பயன்படுத்துகிறது. அதனால் வைஃபை ஓடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த 4, 25, 26, 27 போன்ற பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. 32 முதல் 35 வரையுள்ள பின்களில் ஒன்றுக்கு வயரை மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் ஓடிய மகிழ்ச்சியில் நிரலை அப்படியே, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வையுங்கள், அந்த ஃபைலை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே போட்டாயிற்றா? வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் (சேமித்து வைத்த முந்தைய பதிப்பில்) அது கிடக்கும். ரவுட்டர் பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.