மிரட்டல் கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரிப்பது எப்படி?

ஆபத்து வரும்போது மனித பலத்தை நம்பாமல் கர்த்தரை நம்பவேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டுப் போனபின், அந்த நம்பிக்கையை எந்த இடத்தில் தொடங்குவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைக் கற்றுக்கொள்ள யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவைவிடப் பொருத்தமானவரை நான் வேதத்தில் கண்டதில்லை. 2 இராஜாக்கள் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு இதைத் தொடர்வது நல்லது.

கி.மு. 701இல் அசீரியா ராஜாவாகிய சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தான். அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாக அவனே களிமண் பட்டயத்தில் எழுதிவைத்திருக்கிறான். எசேக்கியா முதலில் பணம் கொடுத்துத் தப்பப் பார்த்தார். 30 தாலந்து பொன் கொடுத்ததாக வேதமும் சொல்கிறது, அசீரியப் பட்டயமும் சொல்கிறது. ஆலயக் கதவுகளில் தாமே அழுத்தியிருந்த பொன்தகடுகளைத் தம் கையாலேயே கழற்றவேண்டியதாயிற்று. அப்படியும் படை எருசலேமுக்கு வந்து நின்றது. ஆகவே இந்த ராஜா தொடக்கத்திலிருந்தே விசுவாச வீரராக இருந்தார் என்று நினைத்து நாம் கூசவேண்டியதில்லை. பொன் தீர்ந்தபிறகுதான் அவருடைய பாடம் தொடங்குகிறது.

ஜெபத்துக்கு முன்பாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளை எடுத்து, இந்த ஆபத்தில் உண்மையில் எதன்மேல் சாய்ந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்: வங்கியிலுள்ள தொகை, காவல்துறையில் இருக்கும் உறவினர், கட்சிக்காரர் ஒருவரின் கைப்பேசி எண், உங்கள் சொந்த வாய்ச்சாமர்த்தியம். எசேக்கியாவின் தாளில் எகிப்து இருந்தது. அதை "நெரிந்த நாணற்கோல்" என்றும், சாய்கிறவனுடைய உள்ளங்கையில் அது உருவிப்போகும் என்றும் சொன்னவன் எதிரியின் தூதனாகிய ரப்சாக்கே. வேடிக்கை என்னவென்றால், எகிப்தை நம்பாதே என்று ஏசாயா தீர்க்கதரிசியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நம்முடைய ஊன்றுகோல்களைப் பற்றி நம்மை மிரட்டுகிறவன் சொல்வது சில சமயம் சரியாகவே இருக்கும். கர்த்தரைப் பற்றி அவன் சொல்வதுதான் பொய். இவ்விரண்டையும் தாளில் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது மௌனம். ரப்சாக்கே வண்ணார்துறை வழியிலுள்ள மேற்குளத்துச் சாலகத்தண்டையில், அதாவது நீர்க்கால் அருகே நின்று, நகரத்து மதிலாகிய அலங்கத்தின்மேல் இருந்த சாதாரண ஜனங்களுக்கும் விளங்கவேண்டும் என்றே யூத பாஷையில் கூவினான். ஜனங்கள் ஒரு வார்த்தைகூட மறுமொழி சொல்லவில்லை; அது ராஜாவின் கட்டளை. நீங்களும் அன்றைக்கே சூடாகப் பதில் எழுதாதீர்கள், கடிதத்தைப் படம் பிடித்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வீட்டிலுள்ள முதியவர்களையும் பிள்ளைகளையும் பயமுறுத்தும் வேலையை எதிரிக்காக நாமே செய்துகொடுக்க வேண்டாம். எசேக்கியா விஷயத்தை ஏசாயாவிடம்தான் சொல்லி அனுப்பினார். அதுவும் "பிள்ளைபேறு நோக்கியிருக்கிறது, பெறவோ பெலனில்லை" என்று, தம் இயலாமையை மறைக்காமல். ஜெபிக்கத் தெரிந்த, வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்வது போதும்.

இனி முக்கியமான காரியத்துக்கு வருவோம். பிறகு சனகெரிப் அனுப்பிய மிரட்டல் நிருபம் கைக்கு வந்ததும் எசேக்கியா அதை வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்தார். இதை உருவகமாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தின்படியே செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மனையின் எல்லை தொடர்பாக ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மூன்று நாள் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, கண்ணை மூடிப் பொதுவாக "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று ஜெபித்துப் பார்த்தேன், பயம் குறையவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மூன்றாக மடித்திருந்த அந்தத் தாளை விரித்து, சுருண்டுகொண்ட ஓரத்தின்மேல் உப்பு ஜாடியை வைத்து, ஒவ்வொரு பத்தியாக வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் பத்தியில் அளவையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பயந்த மனம் படிக்காமல் விட்டதை ஜெபிக்கிற மனம் படிக்கும்.

விரித்தபின் என்ன சொல்வது? எசேக்கியாவின் வரிசையையே பின்பற்றலாம். அவர் ஆபத்திலிருந்து தொடங்கவில்லை. கேருபீன்களின் மத்தியில் வாசம்பண்ணுகிறவர், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று கர்த்தர் யார் என்பதிலிருந்து தொடங்கினார். பிறகு செவிசாய்த்துக் கேளும், கண்களைத் திறந்து பாரும் என்றார். அதன்பின் அசீரியா ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொண்டார். இந்த "மெய்தான்" என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்தைச் சிறிதாக்கிச் சொல்வது விசுவாசம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கடைசியில்தான் விண்ணப்பம், அதுவும் ஒரே வாக்கியம்: எங்களை இரட்சியும், நீரே தேவன் என்று பூமியின் ராஜ்யங்கள் எல்லாம் அறியட்டும்.

அப்படியானால் கோட்டையும் காவலும் வேண்டாமா என்று கேட்பார்கள். எசேக்கியா இடிந்த மதிலைக் கட்டினார், நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்தார், தண்ணீரை உள்ளே கொண்டுவந்தார். எருசலேமில் இன்றும் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து பார்க்கக்கூடிய, சுமார் 533 மீட்டர் நீளமுள்ள சுரங்கக் கால்வாய் அவர் காலத்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இரு முனைகளிலிருந்தும் குடைந்துவந்த கல்வெட்டுவோர் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அங்கே கிடைத்தது. அதில் எஞ்சியிருக்கும் வரிகளில் ராஜாவின் பெயரும் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. ஏசாயா 22ஆம் அதிகாரத்தில் வரும் கடிந்துகொள்ளுதல் இதைத் தொடுகிறது: குளத்தை வெட்டினீர்கள், ஆனால் அதைச் செய்தவரை நோக்கிப் பார்க்கவில்லை. வேலை செய்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. ஆகவே பூட்டை மாற்றுங்கள், பத்திரத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்; ஒவ்வொன்றையும் செய்யும்போது, இது தவறிப்போனால் எனக்கு யார் இருக்கிறார் என்று உங்களையே கேளுங்கள். பதிலில் தயக்கம் வந்தால் மறுபடியும் மேசைக்குப் போங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. எருசலேம் தப்பியது, அதைப் பிடித்ததாகச் சனகெரிப்பின் பட்டயமே உரிமை கொண்டாடவில்லை, எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்ததாக மட்டுமே பெருமையடிக்கிறது. ஆனால் யூதாவின் மற்றொரு அரணான பட்டணமாகிய லாகீஸ் விழுந்தது. அந்தப் பட்டணத்தார் சிறைப்பட்டுப்போகும் காட்சியை அசீரியத் தலைநகராகிய நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தார்கள். அங்கேயும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆகையால் இந்த முறையைப் பலன் நிச்சயமான சூத்திரமாக யாருக்கும் விற்காதீர்கள். விரித்துவைத்தேன், வழக்கு வென்றேன் என்று சாட்சி சொல்லும் அவசரமும் வேண்டாம். எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு: மூலக் கடிதத்தை வக்கீல் கேட்பார், அதை மடிப்புக் கலையாமல் உறையிலேயே வையுங்கள். கர்த்தருக்கு முன்பாக விரிப்பதற்கு ஜெராக்ஸ் போதும்.