பூட்ஸில் உயிர் இருக்கிறதா? பழைய ஹாக்கி ஸ்கேட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்

மே மாத மத்தியானம், வெளியே 41 டிகிரி வெயில், காட்பாடி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப்போய் ஒரு நீளப் பை கையில் சிக்கியது. கனடாவில் இருந்த ஆறு வருஷமும் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் போட்டுக்கொண்டு ஆடிய ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ். வேலூரில் ஐஸ் என்றால் கரும்பு ஜூஸ் வண்டியில் சாக்குப்பையில் சுற்றி வைத்திருப்பதுதான், அதன்மேல் யாரும் சறுக்குவதில்லை. ஆனால் பழைய ஆட்ட நண்பர்கள் இரண்டு பேர், ஜனவரியில் லடாக்கில் இருக்கும் லே போகலாம், குளமெல்லாம் உறைந்து கிடக்கும், ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார்கள். சரி, இதை ரிப்பேர் செய்து எடுத்துப் போவதா, புதுசு வாங்குவதா? கனடாவில் பிராம்ப்டனிலும் கால்கரியிலும் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களும் வருஷா வருஷம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஹாக்கி ஸ்கேட் என்பது மூன்று சாமான். மேலே பூட்ஸ், அதன் அடியில் ரிவெட் அடித்து இறுக்கிய பிளாஸ்டிக் ஹோல்டர், ஹோல்டருக்குள் உட்காரும் இரும்புத் தகடு. பழசாகிவிட்டதா என்று பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் தகட்டுக்குத்தான் போகும், ஏனென்றால் துருப்பிடிப்பது அதுதான், பளபளப்பதும் அதுதான். நான் சொல்வது, தகட்டைக் கடைசியில் பாருங்கள். பூட்ஸ் கெட்டியாக இருந்தால் மற்ற இரண்டையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூட்ஸ் தொய்ந்துவிட்டால் அடியில் தங்கத்தில் தகடு போட்டாலும் ஆட்டம் வராது.

இதை எனக்குப் புரியவைத்தவருக்கு ஹாக்கி தெரியாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில், அதாவது ஷூவின் மேல்தோலைக் கால் அச்சில் இழுத்துப் பொருத்தும் இடத்தில், 30 வருஷம் நின்ற என் சித்தப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்கேட்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னாடா இது, பூட்ஸுக்குக் கத்தி கட்டி வச்சிருக்கான்" என்று சிரித்தார், அதோடு தகட்டை விட்டுவிட்டார். கயிற்றை முழுசாக உருவினார். நாக்கை வெளியே இழுத்துப் போட்டார். கணுக்காலுக்கு மேலே இரண்டு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் பிடித்து ஒன்றோடொன்று சேருகிற மாதிரி அழுத்தினார். இடது பூட்ஸ் கொஞ்சம் எதிர்த்தது. வலது வாழைப்பட்டை மாதிரி மடங்கியது. அப்புறம் இன்சோலை உருவி, கையை உள்ளே விட்டு, குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"தையல் ஒண்ணும் வுடல. கவுண்டர்தான் நொந்து பூடுச்சு. மேல நொந்த பிறகு கீழ இன்னா போட்டா இன்னா?"

கவுண்டர் என்றால் குதிகாலைச் சுற்றி லைனிங்குக்கும் வெளித் தோலுக்கும் நடுவே வைக்கிற விறைப்பான அட்டை, ஷூ கம்பெனியில் வேலை செய்த எவருக்கும் தெரிந்த சொல். சாதாரண ஷூவில் அது போனால் நடை கொஞ்சம் கோணும், அவ்வளவுதான். ஸ்கேட்டில் உங்கள் மொத்த எடையும் பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு தகட்டின் ஓரத்தில் சாய்ந்து நிற்கிறது, அந்தச் சாய்வைக் காலிலிருந்து தகட்டுக்குக் கொண்டு போவது கணுக்கால் பக்கத்து விறைப்புதான். அது போனால் கால் ஒரு பக்கம் சாயும், தகடு இன்னொரு பக்கம் நிற்கும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின குளிர்காலத்தில் இதே பூட்ஸுக்கு நான் புதுத் தகடு போட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் திரும்பும்போது வழுக்கியது. கூர் சரியில்லை என்று கடையை இரண்டு முறை மாற்றினேன். கடைக்காரர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

நீங்களே பார்க்க வேண்டியது இவ்வளவுதான். அழுத்திப் பாருங்கள், சுவர்கள் லேசில் சேரக்கூடாது. கணுக்காலுக்கு நேரே வெளியில் ஆழமான மடிப்புக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் பூட்ஸை மாட்டி, கயிற்றைக் கட்டாமல் ரப்பர் பாய் மேல் நேராக நில்லுங்கள். இரண்டு காலும் உள்பக்கமாகச் சரிந்தால், ஒன்று பூட்ஸ் முடிந்துவிட்டது அல்லது உங்களுக்கு அது பெரிசு. அளவைப் பொறுத்தவரை, நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்னால் லேசாக உரச வேண்டும், முட்டியை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து விரல் விலக வேண்டும். ஹாக்கி ஸ்கேட் பொதுவாக நம் தெருச் செருப்பு அளவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாக வரும், இது தெரியாமல் ஷூ சைஸிலேயே வாங்கிவிட்டு "பழசாயிடுச்சு" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கக் கெட்டி மூடியில் விரிசல் இருந்தால் யோசிக்காதீர்கள், அந்த ஸ்கேட் வேண்டாம். பக் என்பது ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு, 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர், ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து இன்னும் கெட்டியாக்குவார்கள், அது கால்விரல்மேல் வரும் வேகத்துக்கு ஃபெவிக்விக் பதில் சொல்லாது. அடிச் சோலும் அப்படித்தான். சில பழைய ஸ்கேட்டுகளில் சோல் தோலும் அட்டையுமாக இருக்கும், தண்ணீர் குடித்துக் குடித்து ஊறியிருந்தால் நகத்தால் அழுத்தும்போதே பள்ளம் விழும். அதில் ரிவெட் நிற்காது. புது மாடல் கார்பன் சோலில் ஊறல் கிடையாது, ஆனால் விரிசல் விழுந்தால் ஒட்டி வைக்க முடியாது.

மற்றபடி பூட்ஸில் பயப்பட வேண்டாத விஷயங்களும் இருக்கின்றன. கயிறு கோக்கும் ஐலெட் வளையம் பிய்ந்துவிட்டதா, பேர்ணாம்பட்டிலோ ஆம்பூரிலோ ஷூ வேலை தெரிந்த யாரிடம் கொடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பார். குதிகால் லைனிங் ஓட்டையாகிவிட்டால் உள்ளே ஒரு தோல் துண்டு வைத்துத் தைக்கலாம், தையல் முடிச்சு காலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பட்டால் கொப்புளம்தான். நாக்கின் கம்பளி நைந்தால் புதுசு வைத்துத் தைக்கலாம். சோல் லேசாக வாய் பிளந்திருந்தால் மட்டும் ஓரத்துக் கடையில் கம் தடவி வாங்காதீர்கள், ஷூ கம்பெனியில் செய்வதுபோலச் சொரசொரப்பாக்கி, கம் தடவிக் காயவிட்டு, சூடு காட்டி அழுத்தி ஒட்டினால்தான் ஈரத்தில் நிற்கும். என்னுடையது வாய் பிளந்ததற்குக் காரணம் ஐஸ் இல்லை, நம்ம ஊர்ப் பரண். ஓட்டுக்கடியில் இரண்டு கோடை, எந்தக் கம்தான் தாங்கும்.

இனி ஹோல்டர். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கையில் பூட்ஸ், இன்னொரு கையில் ஹோல்டர், முறுக்கிப் பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, விரலால் தொட்டதும் ரிவெட் சுற்றினாலோ ரிவெட் தளர்ந்திருக்கிறது. இது ரொம்பச் சின்ன ரிப்பேர், ஆனால் தள்ளிப் போட்டால் ஹோல்டர் ஆடி ஆடிச் சோலில் இருக்கும் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் புது ரிவெட்டும் பிடிக்காது. கனடாவில் ஸ்கேட் கடைகளில் இதற்கென்றே மிஷின் இருக்கிறது, பூட்ஸுக்குள் நீண்ட கை மாதிரி ஒரு இரும்பு போய் விரல் நுனி வரைக்கும் எட்டும். நம் ஊரில் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் வடிவ இரும்பில் குதிகால் பக்கம் அடித்துவிடலாம், முன்பக்கம் எட்டாது. அங்கே உள்ளேயிருந்து நட்டு வைத்து வெளியே ஸ்குரூ போடுவது ஒரு வழி, ஸ்குரூ நீளம் கூடினால் பாதத்தில் குத்தும், ஜாக்கிரதை. ஹோல்டர் பிளாஸ்டிக்கில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். இன்னொன்று, பழைய ஹோல்டருக்குப் பொருந்தும் தகடு இப்போது தயாரிப்பதே இல்லை என்ற நிலைமையும் வரும். பூட்ஸ் நன்றாக இருந்தால் அதற்காக ஸ்கேட்டைத் தூக்கிப் போடத் தேவையில்லை, புது ஹோல்டரும் தகடும் சேர்த்து மாட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தகடு. ஒவ்வொரு முறை கூர் பிடிக்கும்போதும் கொஞ்சம் இரும்பு போகிறது, அதனால் அது தேயப் பிறந்ததுதான். பிளாஸ்டிக்குக்கு வெளியே சுண்டுவிரல் நக அகலம்கூட இரும்பு தெரியவில்லை என்றால் மாற்றுங்கள், இல்லையென்றால் நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது பிளாஸ்டிக் ஐஸில் இடித்து ஆளைத் தள்ளிவிடும். மேலாகப் படர்ந்த துரு ஒன்றும் செய்யாது, தேய்த்தால் போகும். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து, அந்தக் குழி ஓரத்துக்கே வந்துவிட்டால் கூர் நிற்காது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். தகட்டில் துரு இருந்ததே என்று பஜாரில் கத்தி சாணை பிடிக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் நல்ல வேலைக்காரர், அரிவாள் கொடுத்தால் முடியைப் பிளக்கும். ஆனால் ஸ்கேட் தகடு கத்தி இல்லை. அதன் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு மெல்லிய வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும், அந்த வாய்க்காலின் இரண்டு கரைதான் ஐஸைப் பிடிக்கும் கூர். அரை அங்குல ஆரம், ஐந்தெட்டு அங்குல ஆரம் என்று கடையில் கேட்பார்களே, அது இந்தக் குழிவின் அளவு, எண் குறைந்தால் பிடிப்பு கூடும். அவர் குறுக்கே பிடித்தார், வாய்க்கால் மட்டமாகிவிட்டது, அழுத்திப் பிடித்ததில் சூடேறி ஓரமெல்லாம் நீலம் பாய்ந்தது. நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நல்லவேளை ஒரு காலோடு நிறுத்திவிட்டேன். சரியாகக் கூர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்கேட்டைக் கவிழ்த்து வைத்து இரண்டு ஓரத்தின் மேலும் குறுக்கே ஒரு ஐந்து ரூபாய்க் காசை வையுங்கள். தகட்டுக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரை உயரம், திருப்பிக் கொடுங்கள்.

காசுக் கணக்கு எப்படிப் போடுவது? நான் இருந்தபோது அங்கே கூர் பிடிக்கப் பத்து டாலர் சுமார், புதுத் தகடு ஒரு ஜோடி அறுபதிலிருந்து நூறைத் தாண்டும், புது ஸ்கேட் நூறு சொச்சத்தில் ஆரம்பித்து ஆயிரத்துக்கு மேலும் போகும். என் கணக்கு ஒன்றுதான்: பூட்ஸ் அழுத்தச் சோதனையில் பாஸ் என்றால், மொத்த ரிப்பேர் செலவு அதே தரத்துப் புது ஸ்கேட் விலையில் பாதிக்குள் இருக்கும்வரை ரிப்பேர். பூட்ஸ் ஃபெயில் என்றால் பத்து டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். குழந்தைகள் விஷயம் வேறு. அடுத்த குளிர்காலத்துக்குள் கால் வளர்ந்துவிடும், அதனால் ரிவெட், கூர், கயிறு இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம், யாராவது ஒரு வருஷம் போட்டுக் கழித்ததை வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிச் சட்டை மாதிரி இரண்டு சைஸ் பெரிதாக மட்டும் வாங்கிவிடாதீர்கள், பிள்ளை கணுக்காலை மடித்துக்கொண்டே நிற்கக் கற்றுக்கொள்ளும்.

ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பூட்ஸ் நன்றாக இருந்து ஐஸ்தான் இல்லை என்றால், ரிவெட்டை எடுத்து ஹோல்டரைக் கழற்றிவிட்டு அதே சோலில் இன்லைன் சக்கரச் சட்டத்தை, அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் சட்டத்தை, மாட்டலாம். பேரிங் 608 என்ற சாதாரண அளவு, உள்ளே 8 மில்லிமீட்டர், வெளியே 22, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். தார் ரோட்டுக்கும் சிமெண்டுக்கும் கெட்டியான சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள், மிருதுவானது நம் வெயிலில் ரப்பர் மாதிரித் தேயும். தொய்ந்த பூட்ஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஐஸில் விழுந்தால் சறுக்கிக்கொண்டு போவோம், சிமெண்டில் தோல் உரியும்.

புதுசு வாங்குவது என்று முடிவானால் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இப்போது வரும் பூட்ஸில் பெரும்பாலானவற்றைக் கடையிலேயே 80 டிகிரி அளவு சூட்டில் சில நிமிஷம் வைத்துக் காலுக்கு ஏற்ப அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். வேலூர் மொட்டை மாடியில் வைத்தால் போதாதா என்று ஒரு நண்பன் கேட்டான். போதாது, கம்தான் விடும்.

என் முடிவு: பூட்ஸ் போச்சு, புதுசுதான். செப்டம்பரில் அக்கா டொரான்டோவிலிருந்து வருகிறாள், ஆனால் அவள் காலை வைத்து என் அளவு பார்க்க முடியாது என்பதால், இப்போதைக்கு லேயில் இரவல் ஸ்கேட் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலோர் லடாக்காரர்கள், அங்கே ஸ்கேட்டின் அருமை தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். நீலம் பாயாத அந்த ஒற்றைத் தகட்டைக் கழற்றி, தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பூட்ஸை சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம்.